பேர் வெட்டியாச்சு

தம்பி,

நாங்கள் இருவரும் எப்படி இருக்கிறோம் என்று கேட்டு எழுதியிருக்கிறாய். உன் அம்மாவுக்கு முழங்கால் வலி, எனக்குக் கோபம். மற்றபடி மழை விட்டபாடில்லை. ஷாதிபூர் வீட்டுத் தகரக் கூரை போன வருஷம் ஒழுகிய இடத்தை விட்டுவிட்டு வேறு இடத்தில் ஒழுகுகிறது. மெயின்லாண்ட் கப்பல் தாமதமாகி அபர்டீன் பஜாரில் வெங்காயம் இல்லாமல் போய், இப்போதுதான் வந்திருக்கிறது. உன் கடிதமும் அந்தக் கப்பலில்தான் வந்தது. அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். பெண் வீட்டாரைப் பற்றி நீ எழுதியிருந்ததை இரண்டு தடவை வாசிக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டாள். அதற்குக் கீழே போகிறபோக்கில் ஒன்று எழுதியிருந்தாயே, அதை ஒரு தடவைதான் வாசித்தேன். அரிசி புடைத்துக்கொண்டிருந்த முறத்தைக் கீழே வைத்துவிட்டு, "இதுக்கு நீங்க பதில் எழுதுங்க. நல்லா எழுதுங்க" என்று சொல்லி எழுந்து போய்விட்டாள். அதனால் இது நீளமான கடிதம். கல்யாணப் பரபரப்பில் இருக்கிறேன் என்று பாதியில் மடித்து வைத்துவிடாதே.

நீ எழுதியது இதுதான். கோத்தகிரியில் உன் பாங்கு வாசலில், சிலோனிலிருந்து திரும்பி வந்து தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்கிற பெண்கள் சிலர் பிள்ளைகளோடு வந்து நின்றார்கள். சாயங்காலம் பாடம் சொல்லித் தர முடியுமா என்று கேட்டார்கள். முடியாது என்று அனுப்பிவிட்டாய். களைப்பு, கல்யாணம், புதுக் குடித்தனம், எல்லாம் சரி. அதற்காக நான் உன்னோடு சண்டைக்கு வரமாட்டேன். ஆனால் நீ ஒரு நியாயமும் எழுதினாய்: போர்ட் பிளேரிலும்தான் ஒன்றரை வருஷம் தொண்டைத் தண்ணீர் வற்றக் கத்தினேன், கடைசியில் என்ன ஆயிற்று, நான் மதராஸுக்குப் படிக்கப் போனதும் அந்தப் பவளம் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு ரப்பர் தோட்டத்துக்குப் போய்விட்டாள், இவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பதெல்லாம் ஆற்றில் கரைத்த புளி என்று. பவளம் போனது உனக்குத் தெரியும். ஏன் போனாள் என்பது தெரியாது. நீயும் கேட்கவில்லை, படிக்கிற பையனைக் கலைக்க வேண்டாம் என்று நாங்களும் எழுதவில்லை. இப்போது தெரிந்துகொள். பிறகு புளி என்றோ உப்பு என்றோ என்ன வேண்டுமானாலும் எழுது.

சிலோனிலிருந்து திரும்பிய அந்த ஜனங்கள் இங்கே வந்து இறங்கியபோது நான் துறைமுக ஜெட்டியில் சரக்கு இறக்குகிறவர்களை மேய்த்துக்கொண்டிருந்தேன். தெற்கே இருக்கிற தீவில் புதிதாக ரப்பர் தோட்டம் போட்டிருந்தார்கள், அங்கே அனுப்புவதாக ஏற்பாடு. அடுத்த கப்பல் கிடைக்கிறவரைக்கும் சில குடும்பங்களை குட்வில் எஸ்டேட்டைத் தாண்டி, மேட்டில் கொட்டகை போட்டுத் தங்க வைப்பதாகச் சொன்னார்கள். மூட்டையை இறக்கி வைத்த ஒரு மனிதர் என்னிடம் வந்து, "அய்யா, எஸ்டேட்டுன்னு சொல்றாங்களே, தேயிலைங்களா ரப்பருங்களா? தொர யாருங்க?" என்று கேட்டார். அவர்தான் மருதமுத்து, பவளத்தின் அப்பா. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அரே, அது வெறும் பேருய்யா. அங்க வீடுங்கதான் இருக்கு. தோட்டமும் இல்ல, தொரையும் இல்ல" என்றேன். அவர் நம்பவில்லை. பாட்டன் காலத்திலிருந்து எஸ்டேட்டில் பிறந்து எஸ்டேட்டில் செத்த வம்சம். துரை இல்லாத எஸ்டேட்டை அவருக்கு எப்படிக் காட்டுவது? எங்கேயோ ஒரு துரை இருக்கிறார், நமக்குத்தான் இன்னும் கண்ணில் படவில்லை என்றே கடைசிவரை நினைத்துக்கொண்டிருந்தார். அடுத்த கப்பல், அடுத்த கப்பல் என்று ஒரு மழைக்காலம் போய் இன்னொன்றும் வந்தது. ஆண்கள் ரோட்டு வேலைக்குப் போனார்கள். பிள்ளைகளைப் பக்கத்திலிருந்த ஹிந்திப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தார்கள்.

பவளத்தை நீ முதன்முதலாக வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்தபோது நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். பதினோரு வயதுப் பெண், எண்ணெய் காணாத தலை. பாவாடை மடியில் ஒரு கருங்கல்லைக் கட்டிக்கொண்டு நின்றாள். முந்தின நாள் பள்ளிக்கூடத்தில் மாஸ்டர், "கிதாப் கல் லானா" என்று சொல்லியிருக்கிறார். நாளைக்குப் புத்தகம் கொண்டு வா என்று அர்த்தம். தினமும் காதில் விழுந்து விழுந்து கிதாப் என்றால் புத்தகம், லானா என்றால் கொண்டு வருவது என்று அவளாகவே பிடித்து வைத்திருந்தாள். நடுவில் இருந்த கல் அவளுக்குப் பிறந்ததிலிருந்தே தெரிந்த சொல். அதனால் மறுநாள் புத்தகத்தோடு ரோட்டோரத்தில் நல்லதாக ஒரு கல்லையும் தேடி எடுத்துக்கொண்டு போயிருக்கிறாள். யாரையோ அடிக்கக் கொண்டு வந்திருக்கிறாள் என்று மாஸ்டர் வெளியே நிறுத்திவிட்டார். அவரையும் குறை சொல்ல முடியாது. கையில் கல்லோடு வந்து, கேட்டால் வாய் திறக்காமல் நிற்கிற பிள்ளையை யார்தான் வேறு மாதிரி நினைப்பார்கள்? நீ சிரிக்காமல் விஷயத்தைச் சொன்னாய். நானும் உன் அம்மாவும் சிரித்துவிட்டோம். அவள் அழுதுவிட்டாள்.

"கல்லுன்னா அவங்க பாஷையில நாளைக்கு" என்றாய் நீ. "நேத்துங்கிறதுக்கும் அதே சொல்லுதான்."

"ரெண்டுக்கும் ஒண்ணாண்ணே?" என்று மூக்கை உறிஞ்சிக்கொண்டே கேட்டாள். "அப்ப போனதச் சொல்றாங்களா வரப்போறதச் சொல்றாங்களான்னு எப்பிடிங்க கண்டுபுடிக்கிறது?"

"பின்னாடி வர்ற சொல்லக் கவனிக்கணும்."

அன்றைக்கு ஆரம்பித்ததுதான் உன் டியூஷன். மறுநாள் அவள் தனியாக வரவில்லை. கொட்டகையிலிருந்து ஒரு பட்டாளத்தையே கூட்டிக்கொண்டு வந்து சமையலறைக்குப் பின்னால் இருக்கிற படிக்கட்டில் உட்கார வைத்துவிட்டாள். எனக்குப் பிடிக்கவில்லை, உனக்கே தெரியும். பரீட்சைக்குப் படிக்கிற பையன் ஊர்ப் பிள்ளைகளுக்கு வாத்தியார் வேலை பார்க்கிறானே என்று தினமும் முணுமுணுத்தேன். உன் அம்மா உன் பக்கம். "ஒங்க ஜெட்டியில கத்துற கத்தலுக்கு இந்தப் பிள்ளைங்க கத்துறது தேவலைங்க" என்பாள். கடலை வறுத்துக் கொடுப்பாள். அந்த மாதம் கடலை தீர்ந்த வேகத்தைப் பார்த்து நான் கடைக்காரரைச் சந்தேகப்பட்டேன்.

நீ எழுத்திலிருந்து ஆரம்பிக்கவில்லை, அதைத்தான் நான் கவனித்தேன். நீ மாஸ்டராக நின்றாய். அவர் குரலிலேயே, உட்கார் என்பதற்கு "பைட்டோ" என்றாய், எழுந்து நில் என்பதற்கு "கடே ஹோ" என்றாய், முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டு "சம்ஜே?" என்றாய். புரிந்ததா என்று கேட்டால் அத்தனை பிள்ளைகளும் மாடு மாதிரித் தலையாட்டின. நீ தலையில் அடித்துக்கொண்டு, "புரியலைன்னா நஹி சம்ஜான்னு சொல்லணும்" என்றாய். யாரும் சொல்லவில்லை. ஒரு வாரம் ஆயிற்று, இரண்டு வாரம் ஆயிற்று, ஒருவரும் சொல்லவில்லை. கடைசியில் பவளம்தான் உன் அம்மாவிடம் காரணத்தைச் சொன்னாள். "தொரைக்கு முன்னால வெளங்கலன்னு சொன்னா எதுத்துப் பேசுறதா ஆயிருமுங்கம்மா. தலையாட்டிட்டு வந்து, வெளங்குனவங்ககிட்டக் கேட்டுக்கணும்." அதற்குப் பிறகு நீ பாடத்தை நிறுத்திவிட்டு அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் சொல்லச் சொல்லிப் பழக்கினாய். அவள் முதன்முதலாக வகுப்பில் எழுந்து நின்று எனக்குப் புரியவில்லை என்று ஹிந்தியில் சொன்ன அன்று மாஸ்டர் திட்டவில்லையாம், திரும்பவும் விளக்கினாராம். ஓடி வந்து சொன்னாள். நீ உன் பரீட்சையில் பாஸானபோதுகூட அத்தனை சந்தோஷப்பட்டு நான் பார்த்ததில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், அது முக்கியம். மாஸ்டர் பெயர் கூப்பிடும்போது அவள் பதில் சொல்லாமல் உட்கார்ந்திருந்தாள் அல்லவா? பவளக்கொடி என்பதை அவர் பாவல் கோடி என்று கூப்பிட்டார், அது தன் பெயர் என்றே அவளுக்குத் தெரியவில்லை. நீ அதே மாதிரிக் கூப்பிட்டுக் கூப்பிட்டு ஹாஜிர், வந்திருக்கிறேன், என்று சொல்லப் பழக்கினாய். அப்போது உன் அம்மா அவளிடம், ஏன் பெயர் என்றதும் இத்தனை பயப்படுகிறாய் என்று கேட்டாள். அவள் சொன்ன பிறகுதான் எங்களுக்கு விஷயம் விளங்கியது. அவர்கள் தோட்டத்தில் பெயர் என்பது கூப்பிடுவதற்கு மட்டும் இல்லை. காலையில் ஆட்களை வரிசையாக நிறுத்துகிற பெரட்டுக் களத்தில் கங்காணி பெயர் போட்டால்தான் அன்றைக்கு வேலை. தாமதமாகப் போனால் அரைப் பேர், அதாவது அரை நாள் கூலி. தோட்டத்தில் பெயர் பதிந்திருந்தால்தான் லயம் என்கிற வரிசை வீட்டில் ஓர் அறை உண்டு. "பேர வெட்டிட்டாங்கன்னா பத்துச்சீட்டுக் குடுத்துருவாங்கம்மா. சட்டிபானையெல்லாம் வெளிய வந்துரும்" என்றாள். வேலையிலிருந்து நீக்கிக் கையில் கொடுக்கிற சீட்டுக்கு அங்கே அந்தப் பெயர். அவள் அப்பாவின் பெயரை வெட்டியதை அவள் கண்ணாலேயே பார்த்திருக்கிறாள். அதற்குப் பிறகுதான் அவர்களுக்குக் கப்பல்.

பிறகு நீ போனாய். போனது சரி. நான்தான் டிக்கெட் வாங்கிக் கொடுத்தேன், அம்மாதான் முறுக்குச் சுட்டாள். அந்தப் பிள்ளைகள் ஜெட்டிவரைக்கும் வந்து நின்றார்கள். சாயங்காலமானால் படிக்கட்டுக்கு வந்து கொஞ்ச நாள் தாங்களாகவே உட்கார்ந்து பார்த்தார்கள். உன் அம்மாவுக்கு ஹிந்தி தெரியாது. எனக்குத் தெரிந்தது மூட்டையைத் தூக்கு, கீழே போடு, ஓரம் போ என்கிற ஜெட்டி ஹிந்தி. பெரிய மழை வந்தது, வருவது நின்றுவிட்டது. பவளத்துக்கு மலேரியா என்று யாரோ சொன்னார்கள். உன் அம்மா கஞ்சி கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தாள். அவள் தேறி எழுந்து பள்ளிக்கூடத்துக்குப் போக வெகு நாள் ஆகிவிட்டது.

போன அன்று மாஸ்டர் அவளைப் பார்த்து, "தும்ஹாரா நாம் கட் கயா. பாப் கோ புலாவோ" என்று சொல்லியிருக்கிறார். நீயும் நானும் கேட்டால் சாதாரண விஷயம். இத்தனை நாள் வராததால் வருகைப் பதிவில் உன் பெயரை நீக்கியாகிவிட்டது, அப்பாவைக் கூட்டி வா, திரும்பச் சேர்த்துக்கொள்கிறேன். அவர் நல்லெண்ணத்தில் சொன்னதுதான். உன் மாணவி சொல்லுக்குச் சொல் பிசகாமல் புரிந்துகொண்டாள். அதுதானடா கொடுமை. புரியாமல் போயிருந்தால் எழுந்து நின்று நஹி சம்ஜா என்று சொல்லியிருப்பாள், நீ பழக்கியிருந்தாய். ஒவ்வொரு சொல்லும் புரிந்ததால் கேட்பதற்கு எதுவும் இல்லை என்று நினைத்துவிட்டாள். வீட்டுக்குப் போய் அப்பாவிடம் சுத்தமாகத் தமிழில் சொன்னாள். பேர் வெட்டியாச்சு, உங்களைக் கூப்பிடுகிறார்கள்.

அந்தக் கொட்டகையில் அன்றைக்கு என்ன நடந்திருக்கும் என்று நான் பல தடவை நினைத்துப் பார்த்திருக்கிறேன். அவர்கள் யாரும் அழுதிருக்கவோ சத்தம் போட்டிருக்கவோ மாட்டார்கள். பழக்கப்பட்ட ஜனங்கள். பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்து, துணியை மூட்டையாகக் கட்டியிருப்பார்கள். இந்த எஸ்டேட்டின் துரை கடைசியில் தன் வேலையைக் காட்டிவிட்டார் என்று மருதமுத்து நினைத்திருப்பார். ரப்பர் தீவுக்கு அந்த வாரம் கப்பல் இருந்தது. அதுவரைக்கும், பிள்ளைகள் படிக்கிறார்கள், இந்தப் படிப்பு வருஷம் முடியட்டும் என்று ஒவ்வொரு கப்பலையும் தவிர்த்துக்கொண்டிருந்த மனிதர் அவர். இது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. உன்னுடைய டியூஷனுக்காக அவர் கப்பல்களை விட்டுக்கொண்டிருந்தார், தம்பி.

நான் அவர்களைப் பார்த்தது ஜெட்டியில். மழை தூறிக்கொண்டிருந்தது. வரிசையில் மூட்டையோடு மருதமுத்து, அவர் மனைவி, பின்னால் பவளம்.

"என்னய்யா திடீர்னு? ஒரு வார்த்தை சொல்லல?" என்றேன்.

"பேர வெட்டிட்டாங்கய்யா. அதுக்கு மேல கொட்டகையில குந்தியிருந்தா மரியாதை இல்லீங்களே."

"எந்தப் பேரு? யாரு வெட்டினா?"

"பவளத்துக்கிட்டச் சொல்லி அனுப்புனாங்க. என்னியக் கூட்டியாரச் சொன்னாங்களாம். பத்துச்சீட்டுக் குடுக்கத்தானே கூப்புடுவாங்க? அதையும் போயிக் கையில வாங்கணுமாங்கய்யா?"

எனக்கு உடனே விளங்கிவிட்டது. விளங்கிய வேகத்தில் கத்தினேன். "அரே பாயி, அது ஸ்கூல் பேரு! புள்ள லீவு போட்டதுக்கு எடுத்திருக்காங்க. வேலைக்கும் வீட்டுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லய்யா. நீ போய் மாஸ்டர் முன்னால நின்னாப் போதும், மறுபடி எழுதிக்குவாங்க. மூட்டைய இறக்கு. சலோ, நானே வர்றேன்."

அவர் சிரித்தார். ஆறுதல் சொல்ல வந்தவரை நோகடிக்கக் கூடாது என்று சிரிக்கிற சிரிப்பு அது. "நீங்க நல்லவங்கய்யா. தோட்டத்துல கிளாக்கரய்யாவும் இப்பிடித்தான் சொன்னாரு, மறுபடி எழுதிக்குவாங்கன்னு. அத நம்பித்தான் ரெண்டு மாசம் லயத்து வாசல்லயே கெடந்தோம்" என்றார். "ரப்பர் தோட்டத்துக்கு எம்பேரு, இவ பேரு, பவளம் பேரு மூணும் குடுத்தாச்சுங்க. வயசக் கூட்டித்தான் சொல்லிருக்கேன். ஒண்ண வெட்டுனாலும் ரெண்டு நிக்குமில்ல?"

நான் மேலும் என்னென்னவோ சொன்னேன். அந்த மனிதரை ஒரு சொல் துரத்திக்கொண்டிருந்தது. அதை எதிர்த்து நிற்க என்னிடம் இருந்தது வெறும் சத்தம்தான். வரிசை நகர்ந்தது. பவளம் மட்டும் நின்றுவிட்டாள். நான் சொன்னதை அவள் நம்பிவிட்டாள், முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

"கட் கயான்னா வெட்டுப்பட்டுப் போச்சுன்னுதானேங்கய்யா? அண்ணன் அப்பிடித்தான் சொல்லிக்குடுத்தாங்க. காய் வெட்டுறது, புல்லு வெட்டுறது எல்லாத்துக்கும் அதான்னு. நான் சரியாத்தானே சொன்னேன்?"

"சரியாத்தாம்மா சொன்னே."

"அப்ப எங்க தப்பாப் போச்சு?"

அவள் அம்மா கூப்பிட்டாள். அவசர அவசரமாக, "நீ ஒண்ணும் தப்புப் பண்ணல. பேர மறுபடி சேத்துக்குவாங்க. எப்ப வந்தாலும் சேத்துக்குவாங்க" என்றேன். அவள் தலையாட்டிவிட்டு ஏணியில் ஏறிப் போனாள்.

நீ இதை வாசித்துவிட்டு, அந்தச் சொல்லை நான் சரியாகச் சொல்லித் தராமல் போய்விட்டேனே என்று உட்கார்ந்து அழாதே. நீ சொல்லித் தந்தது சரி. எந்தப் புத்தகத்தைத் திறந்தாலும் அந்தச் சொல்லுக்கு அதுதான் அர்த்தம். நான் சொல்ல வருவது வேறு. நீ ஊரில் இருந்த நாளெல்லாம் பாடம் ஆரம்பிக்கும் முன் ஒரு கேள்வி கேட்பாயே, இன்னைக்கு மாஸ்டர் என்ன சொன்னார் என்று. அந்தப் பிள்ளைகள் வரிசையாக ஒப்பிப்பார்கள். நடுநடுவே நீ, அதுக்கு அப்படி அர்த்தம் இல்லை, இப்படி, என்பாய். நான் அதை வெட்டிப் பேச்சு என்று நினைத்தேன். அந்தக் கேள்விதான் உன் டியூஷன். மற்றதை எல்லாம் பள்ளிக்கூடமும் கொடுக்கும். அன்றைக்குச் சாயங்காலம் நம் படிக்கட்டில் அதை ஒருவர் கேட்டிருந்தால், பேர் வெட்டியாச்சாம் என்று அவள் சொல்லியிருப்பாள். கேட்டவர் சிரித்துவிட்டு மறுநாள் மருதமுத்துவைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போயிருப்பார். அரைமணி நேர வேலை.

வீடு வாசலை விட்டு வந்த குடும்பத்தில் பிள்ளைகள்தான் காது. புது ஊர் பேசுவதை அவர்கள்தான் கேட்டு வந்து வீட்டில் சொல்ல வேண்டும். பன்னிரண்டு பதின்மூன்று வயதுப் பெண் சுமந்து வந்த இரண்டு சொல்லை வைத்து ஒரு குடும்பம் கடல் தாண்டிப் போயிற்று. அந்தப் பிள்ளைக்குப் பக்கத்தில் ஒரு பெரியவரோ, உன்னைப்போல மீசை முளைக்காத பையனோ, யாராவது ஒருவர் இருக்க வேண்டாமா? அதைப் போய் நீ புளி என்கிறாய். எனக்கு உன்மேல் மட்டும் கோபம் இல்லை. ஹிந்தி தெரிந்த இத்தனை பேர் இருக்கிற ஊரில், ஒரு பையன் கப்பல் ஏறியதும் அத்தனையும் நின்றுபோனதே, அதை நினைத்தால்தான் எனக்கு வயிறு எரிகிறது. ஆகவே நீ மறுபடி ஆரம்பித்தால் தனியாக ஆரம்பிக்காதே. பாங்கில் இன்னொருவரைச் சேர்த்துக்கொள். உன் மனைவியாக வரப்போகிறவளும் படித்தவள்தான், அவளிடம் இப்போதே பேசு. உனக்கு மாற்றல் வந்தால் அந்த இடத்தில் யார் உட்காருவது என்பதை முதல் நாளே முடிவு செய். அங்கே தமிழ்தானே, இவர்களுக்கு என்ன கஷ்டம் என்று நினைக்காதே. பெயர் என்பதும் தமிழ்தான், வெட்டு என்பதும் தமிழ்தான். டி.சி. என்கிற சீட்டை வாங்கிக்கொண்டு வா என்று ஒரு பள்ளிக்கூடம் சொன்னால் அது அந்த வீடுகளில் எப்படிக் கேட்கும் என்று யோசித்துப் பார்.

இதோடு முடித்து ஒட்டிவிடலாம் என்றுதான் நினைத்தேன். உன் அம்மா, "அதையும் எழுதிட்டீங்களா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். எழுதுங்கள் என்றாள்.

இந்த வருஷம் மழைக்கு முன்னால் சரக்கோடு என்னை ரப்பர் தீவுக்கு அனுப்பினார்கள். ஜெட்டியில் ஒரு பெண் வந்து, "அய்யா, தெரியுதுங்களா?" என்று நின்றாள். இடுப்பில் குழந்தை, பக்கத்தில் மாமியார். எனக்குத் தெரியவில்லை. பெயர் சொன்ன பிறகுதான் தெரிந்தது. மருதமுத்து இறந்து இரண்டு வருஷமாகிறதாம். லயத்து வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய்ச் சாயத்தண்ணி கொடுத்தாள். பால் இல்லாத தேநீருக்கு அவர்கள் வைத்திருக்கிற பெயர் அது. உன்னைப் பற்றி விசாரித்தாள். பாங்கில் இருக்கிறான், கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது என்றேன். மாமியார் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தாள். பவளம், மாமியாருக்குப் புரியக் கூடாது என்றுதானோ என்னவோ, ஹிந்தியில் என்னிடம் கேட்டாள். இப்போது போனாலும் பெயரை எழுதிக்கொள்வார்களா என்று. நல்ல ஹிந்தி, ஒரு பிசகு இல்லை.

நான் குழந்தையைப் பார்த்துவிட்டு, "இவனுக்கு இன்னும் வயசு வரலையேம்மா" என்றேன்.

குரலைத் தணித்துத் தமிழில் சொன்னாள். "இவனுக்கு இல்லீங்க. எனக்கு. எப்ப வந்தாலும் சேத்துக்குவாங்கன்னு அன்னைக்கு நீங்கதானே சொன்னீங்க? ஆறாவது பாதியில நிக்குது."

அவள் விளையாட்டுக்குக் கேட்கவில்லை. இத்தனை வருஷமாக அந்தப் பேச்சை நம்பிக்கொண்டே ரப்பர் மரம் கீறிக்கொண்டிருந்திருக்கிறாள். நான் டம்ளரைக் கீழே வைத்தேன். இந்தத் தடவை சத்தம் போட்டுத் தப்பிக்க முடியவில்லை. "இல்லம்மா, சேத்துக்க மாட்டாங்க. வயசு தாண்டிருச்சு" என்றேன். அவள் "அப்பிடிங்களா" என்றாள். குழந்தையை அடுத்த இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள். இன்னும் கொஞ்சம் சாயத்தண்ணி ஊற்றட்டுமா என்று கேட்டாள்.

உன் பாங்கு வாசலுக்கு வந்த பிள்ளைகளுக்கு இன்னும் வயது தாண்டவில்லை. நாளைக்கே போய்க் கூப்பிடு.

உன் அப்பா